கண் நன்றாகத்தான் இருக்கிறது

“உங்களுக்குக் கற்பனை அதிகம்” என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். கவிதை நூல் வெளியீட்டு மேடையில் சொன்னால் அது பாராட்டு. சால்வையோடு சேர்த்துத் தருவார்கள். அதே சொற்களை ஒரு மனநல மருத்துவர் சொன்னபோது அது நோய்க்குறியாக எழுதப்பட்டது. எழுதப்பட்டது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சீட்டில், நீல மையில், ஒரு கேள்விக்குறியோடு. ஒரு பெண்ணின் மருத்துவச் சீட்டில் விழுந்த கேள்விக்குறி எங்கெங்கே பயணம் போகும் என்று அதை இட்டவர் யோசித்திருக்கமாட்டார். யோசிக்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

விஷயம் இதுதான். அம்மா இறந்தபின் ஏழெட்டு மாதம் எனக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் மட்டும் போயிருந்தால் விடிய விடிய எதையாவது எழுதிக்கொண்டிருந்திருப்பேன். ஆண்டுதோறும் பாடம் நடத்தும் குறுந்தொகையில் ஒரு பக்கத்தை முடிக்க முடியவில்லை. வரி கண்ணில் படும், பொருள் வராது. போய்க் குளி என்று யாராவது சொல்லவேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பேர்பெற்ற ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். ட்ரசோடோன் என்ற மாத்திரையை இரவுக்கு 50 மில்லிகிராம் தந்தார். தூங்கினேன். அந்த நன்றி அந்த மருந்தின்மேல் எனக்கு இன்றும் உண்டு. அடுத்த முறை 100 ஆக்கினார், அதற்கடுத்து 150. 150 ஆன நான்காம் நாள், தோசைக்கு மாவு ஊற்றும்போது, கரண்டி பிடித்த என் கைக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து கைகள் வந்தன.

முழுக் கைகள் அல்ல. கை நகர்ந்த வழியெல்லாம் அதன் வெளிறிய படிகள் நின்று, ஒவ்வொன்றாக அணைந்தன. கையை நிறுத்தினால் அவையும் வந்து சேர்ந்து கரைந்துவிடும். ஆட்டினால் மறுபடி. அன்று மாலை கல்லூரி முன்னால் நின்றபோது பேருந்து விளக்குகள் தங்களுக்குப் பின்னால் ஒளியை இழுத்துக்கொண்டு போயின. கரும்பலகையிலிருந்து முகத்தைத் திருப்பி மாணவிகளைப் பார்த்தால் என் சுண்ணக்கட்டி எழுத்து அவர்கள் முகத்தின் மேல் சில நொடிகள் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் அது அழகாகக்கூட இருந்தது. அதை மறைத்துப் பயன் இல்லை. மூன்றாம் நாள் சாலையைக் கடக்கையில் எது வண்டி, எது வண்டியின் வால் என்று பிரிக்கமுடியாமல் நடுவில் நின்றுவிட்டேன். அதற்குப்பிறகு அழகு இல்லை. ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்தினேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் குறிப்பட்டை எழுதி எழுதிப் படிந்த பழக்கம் ஒன்று என்னிடம் உண்டு. வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் தேதி, மாத்திரை அளவு, நேரம், என்ன பார்த்தேன், எவ்வளவு நேரம் நின்றது எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாள் குறிப்பு. கண் மருத்துவரிடமும் போனேன். சொட்டு மருந்து விட்டு, விழித்திரை வரை பார்த்துவிட்டு, “கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றார். அது உண்மைதான். கோளாறு கண்ணில் இல்லை, கண் கொண்டுவந்ததை மூளை கையாளும் இடத்தில் இருந்தது. ஆனால் கண் நன்றாக இருக்கிறது என்ற அந்த நல்ல செய்தி, அடுத்த மருத்துவரின் மேசையில் எனக்கு எதிரான சாட்சியாக மாறியது.

மனநல மருத்துவர் என் குறிப்புகளை வாங்கிப் பார்க்கவில்லை. என்னோடு வந்திருந்த கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். “சார், வீட்ல எப்படி இருக்காங்க? தனியா பேசிக்கிறாங்களா? யாரோ பாக்குற மாதிரி இருக்குன்னு சொல்றாங்களா?” என் கணவர், “அவங்க இங்கதான சார் இருக்காங்க, அவங்களயே கேளுங்க” என்றார். அவரைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, இதில் இல்லை. மருத்துவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “கவிதைல்லாம் எழுதுவீங்கல்ல? கற்பனை அதிகம் உங்களுக்கு” என்றார். மாயக்காட்சி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதிக் கேள்விக்குறி போட்டார். ட்ரசோடோன் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, கூடவே ரிஸ்பெரிடோன் எழுதினார். அது மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்து.

நான் கண்டதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. பேலினாப்சியா. கிரேக்கத்தில் ‘மறுபடி’ என்பதும் ‘பார்த்தல்’ என்பதும் சேர்ந்த சொல். பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் மெக்டொனால்ட் கிரிட்ச்லி 1951இல் இதை விரிவாக எழுதினார். ட்ரசோடோன் எடுத்தவர்களுக்கு இது வந்தது என்ற மருத்துவ இதழ்க் கட்டுரை 1990இலேயே வெளியாகிவிட்டது. பிறகு நெஃபசோடோன், மிர்டசபின் ஆகிய மனச்சோர்வு மருந்துகளுக்கும் இதே பதிவு. நகரும் பொருளுக்கு வால் முளைப்பதும், ஒளியையும் இருளையும் ஒட்டி அது கூடிக் குறைவதும், அளவைக் குறைத்தால் தானும் குறைவதும் மருந்தால் வருவதன் அடையாளங்கள். இல்லாத ஆளைப் பார்ப்பது வேறு. இருக்கும் கையை நான்கு முறை பார்ப்பது வேறு. முதலாவது மாயக்காட்சி, இரண்டாவது காட்சிப் பிசகு. இந்த வேறுபாட்டை உணர ‘எதைப் பார்த்தாய்’ என்று என்னைக் கேட்டால் போதும். இன்னொரு வேடிக்கை, எனக்குச் சேர்த்து எழுதப்பட்ட ரிஸ்பெரிடோனுக்கும் பேலினாப்சியா பதிவாகியிருக்கிறது.

இது அரிதான விளைவு. அரிதான ஒன்று எல்லா மருத்துவருக்கும் நினைவிருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எது நினைவில் இருக்கிறது, எது இல்லை என்று கொஞ்சம் பாருங்கள். இதே ட்ரசோடோனுக்கு இன்னொரு அரிதான விளைவு உண்டு. ஆண்குறி விறைத்து, மணிக்கணக்காக இறங்காமல் வலியோடு நின்றுவிடுவது. மருந்தியல் பாடநூல்கள் ட்ரசோடோன் என்றாலே அதைச் சொல்கின்றன, அமெரிக்க மருந்துக் குறிப்பில் எச்சரிக்கைப் பகுதியிலேயே அதற்கு இடம், மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மருந்தின் பெயரை உடைத்துச் சிலேடையாக்கி மனப்பாடம் செய்கிறார்கள். அவசர சிகிச்சை தேவைப்படும் நிலைதான் அது, கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். அதை நினைவில் வைக்கச் சிலேடை செய்த மருத்துவ உலகம், கண்ணுக்காக ஒரு சிலேடை செய்யவில்லை என்பதைத் தமிழாசிரியை என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

இது ஏதோ ஒரு மருத்துவரின் அவசரம் என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க எனக்கு மனமில்லை. 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்கவேண்டாம் என்றது. தொடக்கக் கட்டம் என்றால் எவ்வளவு கொடுக்கலாம், உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற கட்டம். தாலிடமைடு தந்த அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. பிறக்காத குழந்தையைக் காப்பாற்ற எடுத்த முடிவில், பிறந்து வளர்ந்து நிற்கும் பெண் கணக்கிலிருந்து விழுந்தாள். 1993இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. ட்ரசோடோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1981இல், ஃப்ளுவோக்செட்டினுக்கு 1987 இறுதியில். இரண்டும் அந்த இடைவெளிக்குள். இந்த மருந்துகளை அதிகம் விழுங்குவது யார்? அமெரிக்காவின் 2015–2018 கணக்குப்படி மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் வயதுவந்த பெண்களில் 17.7 சதவீதம், ஆண்களில் 8.4. அளந்தது ஓர் உடலில், கொடுப்பது இன்னோர் உடலுக்கு.

தூக்க மாத்திரை சோல்பிடெமின் கதை இதைவிடத் தெளிவானது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1992 கடைசியில். பெண் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வண்டியோட்டும் நேரத்திலும் இரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்று சொல்லிப் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது 2013இல். இடையில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் “காலைல தலை கிறுகிறுங்குது” என்று சொன்ன பெண்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்க எனக்குக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை.

சங்கப் பாடல்களில் ‘வெறியாட்டு’ என்று ஒரு துறை உண்டு. மாணவிகளுக்கு நான் விருப்பத்தோடு நடத்தும் பகுதி. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை படர்கிறது. தாய் பதறி வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு உருட்டிப் பார்த்து ‘முருகு அணங்கியது’ என்கிறான். களம் இழைத்து, மறி அறுத்து, வெறி ஆடுகிறார்கள். மகளின் மெலிவுக்கு என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். கழங்கைக் கேட்கிறவர்கள் அவளைக் கேட்பதில்லை. கேட்டால் அவள் காதலைச் சொல்லவேண்டி வரும். ஆகவே கேட்காமல் இருப்பதில் குடும்பத்துக்கும் ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பாடல்களின் நுட்பம், வேலனின் அறியாமையை அவை தலைவியின், தோழியின் பக்கமிருந்தே நமக்குக் காட்டுவது. தோழி அவனைக் கேலி செய்கிறாள். ‘வெறி விலக்கல்’ என்று அதற்கும் ஒரு துறைப்பெயர் இருக்கிறது.

மனநல மருத்துவமும் வெறியாட்டும் ஒன்று என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். மாத்திரை எனக்குத் தூக்கத்தைத் தந்தது, கழங்கு தந்திருக்காது. நான் சொல்வது, கருவி மாறியிருக்கிறது, கேட்கும் முறை மாறவில்லை. நோயுற்ற பெண்ணைச் சுற்றி நின்றுகொண்டு அவளைத் தவிர மற்றெல்லோரிடமும் விசாரிப்பது மாறவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். என்னிடமே பலர் சொன்னது, அதில் நல்ல மனமுள்ளவர்களும் உண்டு. “இதையெல்லாம் எழுதாதீங்க மேடம். ஏற்கெனவே நம்ம சனங்க மாத்திரைன்னா பயந்து மந்திரிக்கப் போறாங்க. நீங்க வேற எழுதினா உள்ளதும் போகும்.” இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போன மாநிலம் இது. மருந்து கிடைக்காமல் போவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த 28 பேரிடமிருந்து நான் கற்றது வேறு பாடம். பித்து என்று பெயரிட்டபின் ஒருவரின் கூக்குரலுக்குக்கூட மதிப்பில்லாமல் போகும். சங்கிலியைக் கழற்றிவிட்டு, அந்த மதிப்பின்மையை மட்டும் பத்திரமாக மருத்துவமனைக்கு எடுத்து வந்திருக்கிறோம்.

பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விட்டால் பயம் குறைவதில்லை. ஒன்றும் சொல்லப்படாத பெண் என்ன செய்கிறாள்? தனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள், அல்லது யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறாள். இரண்டாவதுதான் ஆபத்து. இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். மனச்சோர்வு திரும்பும் என்பது ஒருபுறம், நிறுத்தியதாலேயே வரும் தொல்லைகள் இன்னொருபுறம். இந்த இரண்டாவதை மருத்துவ உலகம் நெடுங்காலம் ‘ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும், இலேசானது’ என்றே சொல்லிவந்தது. பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2019இல்தான் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. சிலருக்கு அது கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டது. மருந்து நிறுத்தியவர்கள் பல ஆண்டுகளாகக் கத்திச் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள்.

அதே 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இன்னொன்றைச் செய்தது. இந்த வகை மருந்துகள் சிலவற்றின் குறிப்பில், பாலியல் செயல்பாட்டுக் குறைபாடு மருந்தை நிறுத்திய பின்னும் தொடரக்கூடும் என்று சேர்க்கச் சொன்னது. உணர்வு மரத்துப்போவது, உச்சம் வராமல் போவது. கண்ணில் வால் தெரிகிறது என்று நான் சொன்னதற்கே கற்பனை என்றார்கள். தொடுகை தொடுகையாக இல்லை என்று எந்தப் பெண் எந்த மருத்துவரிடம் சொல்வாள்? மணமாகாதவள் என்றால் அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். மணமானவள் என்றால் கணவர் புகார் சொல்கிறாரா என்று கேட்பார்கள். அவளுடைய இன்பம் அவளுக்கே உரியது, அது குறைந்தால் குறை அவளுடையது என்ற எண்ணமே அந்த அறையில் இல்லாதபோது, பக்கவிளைவுப் பட்டியலில் அது எப்படி ஏறும்? ஆண்களிடம் கேட்கிறார்கள். நம்மிடம் மாதவிலக்குத் தேதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மொழி பற்றியும் சொல்லவேண்டும், அது என் தொழில். இந்த அனுபவம் வந்த பிறகு நான் நிறையப் பெண்களிடம் பேச்சுக்கொடுத்தேன். சத்துணவுக்கூடத்தில் வேலை செய்பவர், எங்கள் துறையின் அலுவலக உதவியாளர், இரயிலில் எதிர் இருக்கைக்காரர். “நிழலாடுது”, “கண்ணுல ஒட்டிக்குது”, “வெளக்கு வால் விட்டுட்டுப் போவுது”, “தலைக்குள்ள கரண்டு அடிக்குது”, “காது இரைஞ்சிக்கிட்டே இருக்கு”, “கனவுல கலர் அதிகமா இருக்கு, முழிச்சா அசதி”. ஒவ்வொன்றும் துல்லியமான விவரணை. இவற்றுள் பலவற்றுக்குப் பாடநூலில் நேரான பெயர் உண்டு. பேலினாப்சியாவுக்கு ஒரு கலைச்சொல் ஆக்கித்தாருங்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. “நிழலாடுது” என்று ஒரு பெண் சொல்லும்போது, எந்த மாத்திரை, எப்போதிருந்து, எவ்வளவு என்று கேட்கத் தோன்றும் காதுக்குத்தான் பஞ்சம்.

அச்சிட்ட தகவலும் நம் கைக்கு வருவதில்லை. அட்டையிலிருந்து பத்து மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார் கடைக்காரர். பெயர் அந்தப்பக்கத் துண்டோடு போய்விடும், தேதி இந்தப்பக்கம் பாதி. பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள் கடையிலேயே தங்கிவிடும். தங்காமல் வந்தாலும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். சோப்பு உறையில் தமிழ் அச்சிட முடிகிறது, கோழித்தீவன மூட்டையில் முடிகிறது.

இவ்வளவுக்கும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 22ஆம் பிரிவைப் படித்துப்பாருங்கள். நோய் என்ன, தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று அறியும் உரிமை சிகிச்சை பெறுபவருக்கு உண்டு. அதுவும் அவருக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில். கேட்டால் கொடுக்கும் சலுகை அல்ல இது, உரிமை. பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய 2010இலிருந்து ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது, காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதன் மையம். மருத்துவர்தான் தெரிவிக்கவேண்டும் என்றில்லை, மருந்து சாப்பிட்டவரே தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது, நுகர்வோருக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. நான் என் பத்து நாள் குறிப்பை அதில் எழுதி அனுப்பினேன். ஒருத்தி எழுதினால் அது கதை. ஆயிரம் பேர் எழுதினால் அதற்கு மருந்துக் குறிப்பில் ஒரு வரி கிடைக்கும்.

இந்தக் கேள்விக்குறியை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில் மணமுறிவுக்கான காரணங்களுள் மனநலக் கோளாறு ஒன்று. வழக்கறிஞர் தோழி ஒருத்தி சொன்னாள், குடும்ப நீதிமன்றத்தில் கணவர் தரப்பு முதலில் தேடுவது மனைவியின் மாத்திரைச் சீட்டைத்தான் என்று. குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்ற வழக்கிலும் அது வரும். கல்லூரியில் மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அது யார் யார் மேசை வழியாகப் போகும் என்று வேலை பார்க்கும் பெண்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ‘மாயக்காட்சி?’ என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு என் மதிப்பெண் பட்டியலை, என் வாக்குமூலத்தை, என் புகாரை, நாளைக்கு என் உயிலை யார் வேண்டுமானாலும் செல்லாததாக்கப் பார்க்கலாம். அதனால்தான் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கு அறியாமை என்று நினைப்பவர்கள், எதை அறிந்து அவர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்று அறியாதவர்கள்.

ரிஸ்பெரிடோனை நான் வாங்கவில்லை. ஓர் அரசு மருத்துவக் கல்லூரிப் புறநோயாளர் பிரிவுக்குப் போனேன். வரிசை வாசல் தாண்டி நின்றது. அங்கிருந்தவர் ஒரு பெண் மருத்துவர், இளையவர். பெண் என்பதால் புரிந்துகொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பெண் மருத்துவர்களிடம் நான் வாங்கிய வசவுகளும் உண்டு. இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது ஆரம்பிச்சது டோஸ் ஏத்துனதுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?” என் குறிப்பை வாங்கிப் பார்த்தார். அளவைப் படிப்படியாக இறக்கச் சொன்னார். 100க்கு வந்தபோது வால் குட்டையானது, 50இல் போய்விட்டது. பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார். சீட்டில் ‘மருந்தால் நேர்ந்த பார்வை விளைவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அந்தச் சீட்டை நெகிழி உறையிட்டு வைத்திருக்கிறேன், பட்டச் சான்றிதழ்களோடு. அந்த அறையில் நான் இருந்தது நான்கைந்து நிமிடம். தனியாரில் பணம் கட்டி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நேரம் இல்லை என்ற சாக்கை இனி என்னிடம் யாரும் சொல்லவேண்டாம்.

என் வகுப்பில் ஒரு மாணவி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள் ஒரு வாரமாகக் கடைசி இருக்கையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாக அழைத்துக் கேட்டேன். “கண்ணை இப்படி இந்தப்பக்கம் திருப்பினா, தலைக்குள்ள சர்ருனு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு மேம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, பைத்தியம்பாங்க.” ஆறு மாதமாக வென்லாஃபாக்ஸின் எடுக்கிறாள். விடுமுறையில் பெண் பார்க்க வந்தார்களாம். மாத்திரை அட்டை யார் கண்ணிலும் படக்கூடாது என்று அம்மா வாங்கி எங்கோ வைத்துவிட்டார், ஒன்பது நாள் மாத்திரை இல்லை. வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்தில் உடலிலிருந்து இறங்கிவிடும் மருந்து. ஒருநாள் தவறினாலே சிலருக்கு இந்த மின்னதிர்வு வரும், கண்ணை அசைக்கும்போது கூடுதலாக வரும். மருத்துவ இலக்கியத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். “நாள் தவறக்கூடாது, தவறினால் இப்படி ஆகும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் அம்மாவிடம் சண்டை போட்டாவது மாத்திரையை வாங்கியிருப்பாள். சண்டை போடக்கூடிய பெண்தான்.

அன்றே அவள் மருத்துவருக்குத் தொலைபேசச் சொன்னேன். வீட்டில் வேறு, விடுதியில் வேறு என்று இல்லாமல் மாத்திரை அவள் கையில்தான் இருக்கவேண்டும் என்று அம்மாவிடமும் பேசினேன். அவர் அழுதார், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது 22ஆம் பிரிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனாள். அதன் கீழே அவளுடைய கேள்விகள், நான்கு. மாத்திரையின் பெயரும் அளவும் என்ன. எத்தனை மாதம். என்னென்ன விளைவுகள் வரலாம், எது வந்தால் உடனே வரவேண்டும். நிறுத்தும்போது எப்படி இறக்குவது. மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, “யாரும்மா எழுதிக்கொடுத்தது?” என்று கேட்டாராம். “நான்தான் எழுதினேன்” என்றிருக்கிறாள். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மற்றதை அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

அந்த இரண்டு கேள்விகளையும் வேறு தாளில் படியெடுத்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை மறுபடி போகிறாள்.